பட்டியலில் இடம்பெறாத முன்னாள் மாணவர்கள்

நாக் குழுவின் வருகைக்கு முந்தைய சில மாதங்கள் கல்லூரிகளில் ஒரு தனிப் பருவம். சுவர்கள் வெள்ளையடிக்கப்படும். துறை அறைகளில் பழைய கோப்புகள் புதிய உறைகளுக்குள் குடியேறும். பூந்தொட்டிகள் எங்கிருந்தோ வந்து சேரும். மதிப்பீட்டுக்கான ஏழு அளவுகோல்களுள் ஐந்தாவது மாணவர் ஆதரவையும் அவர்தம் முன்னேற்றத்தையும் பற்றியது. அதனுள் முன்னாள் மாணவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எல்லைப்புறக் கல்லூரி ஒன்றில் கெஸ்ட் லெக்சரராகச் சிறிது காலம் இருந்தேன். அக்கல்லூரியின் பெயர் இங்குத் தேவையில்லை. இப்பதிவில் பெயர் சுட்டப்படும் கல்லூரிகளுள் அது ஒன்றன்று. 'புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள்' என்னும் தலைப்பில் துறையின் பட்டியலைத் தயாரிக்கும் பணி என்னிடம் வந்தது. நிரந்தரப் பணியில் இல்லாதவரிடமே இத்தகைய பணிகள் தவறாமல் வந்து சேரும்.

நான் இருபத்து மூன்று பெயர்களைத் திரட்டினேன். வில்லேஜ் ஆபீசில் தமிழ் மனுக்களைப் படித்து மலையாளத்தில் குறிப்பெழுதும் எழுத்தர் ஒருவர். தமிழ்வழித் தொடக்கப்பள்ளியில் ஆசிரியராகி, அப்பள்ளி மூடப்படாமலிருக்க ஆண்டுதோறும் மே மாதம் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வருபவர் ஒருவர். கோயம்புத்தூரில் அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர். தம் குடியிருப்பிலிருந்து கல்லூரிப் படியேறிய முதற்பெண், இன்று அங்கன்வாடிப் பணியாளர். பட்டியலைப் பார்த்த பொறுப்பாளர் பேனாவை எடுத்துப் பத்தொன்பது பெயர்களை அடித்தார். "இதெல்லாம் சாதனையா?" என்று கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை, உண்மையிலேயே ஐயத்தோடுதான் கேட்டார். எஞ்சிய நால்வருள் ஒருவர் வளைகுடா நாட்டில் வணிகம் செய்பவர். மற்றொருவர் தொலைக்காட்சித் தொடர்களில் நடிப்பவர். பின்னர் விசாரித்ததில், அந்நால்வருள் இருவர் பட்டப்படிப்பை முடிக்காமலே கல்லூரியை விட்டவர்கள் எனத் தெரியவந்தது.

அன்று அவருக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. இப்பதிவை அதற்கான மறுமொழியாகக் கொள்ளலாம்.

எங்கள் மாவட்டத்தின் பெருமைமிக்க பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன். பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரி 1866 இல் ஒரு பள்ளியாகத் தோன்றி 1888 இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. அதன் முன்னாள் மாணவர் பட்டியல் எவரையும் மலைக்கச் செய்யும். ஓ. வி. விஜயன் அங்குப் படித்தார். எம். டி. வாசுதேவன் நாயர் அங்கு வேதியியல் படித்து 1953 இல் பட்டம் பெற்றார். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி. என். சேஷனும், கொங்கண் ரயில்வேயையும் தில்லி மெட்ரோவையும் கட்டியெழுப்பிய இ. ஸ்ரீதரனும் பள்ளியிலும் கல்லூரியிலும் உடன் பயின்றவர்கள். விளம்பகாலப் பாட்டுக்குப் பேர்போன எம். டி. இராமநாதன் அக்கல்லூரியின் இயற்பியல் பட்டதாரி.

இப்பட்டியலைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஆய்வு மாணவர் ஒருவர் கேட்கவேண்டிய கேள்வியை இங்குக் கேட்டாக வேண்டும்: இச்சாதனைகளில் கல்லூரியின் பங்கு யாது? சேஷன் இண்டர்மீடியட் முடித்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்குப் போனார். ஸ்ரீதரன் பொறியியல் படிக்கக் காக்கிநாடா சென்றார். இராமநாதன் பட்டம் பெற்றபின் கலாக்ஷேத்திரத்தில் டைகர் வரதாச்சாரியாரிடம் சேர்ந்தார். அவருடைய நிதான கதிக்கு இயற்பியல் ஆய்வகத்தைக் காரணமாகச் சொல்ல எவரும் துணியமாட்டார். விஜயன், எம். டி. ஆகியோரைப் பொறுத்தவரை அவ்வளாகத்தின் காற்றுக்குச் சிறிது பங்கு உண்டென்று நம்ப நான் விரும்புகிறேன். அது விருப்பம் மட்டுமே, சான்று இல்லை. புகழ்பெற்றோர் பட்டியல் கல்லூரி செய்ததைக் காட்டுவதில்லை. கல்லூரியின் வழியாகச் சென்றவர்களுள் வெகுதொலைவு சென்ற சிலரைத்தான் காட்டுகிறது. விட்டுச் சென்றதே தகுதியாகிவிடும் கணக்கு அது.

இன்னொன்றும் அப்பட்டியலில் கண்ணில் படுகிறது. 'பாலக்காட்டுத் தமிழர்' என்றால் கேரளத்திற்கு வெளியே இருப்போர் மனத்தில் தோன்றுவது அக்கிரகாரம், கர்நாடக இசை, இந்திய ஆட்சிப் பணி. அதே மாவட்டத்தின் கிழக்கோரத்தில் எருத்தேம்பதி, ஒழலப்பதி, வடகரப்பதி எனப் 'பதி' என்று முடியும் ஊர்களிலும், தெற்கே முதலமடை, கோவிந்தாபுரம் வரையிலும் தமிழர்கள் வாழ்கிறார்கள். உழவர்கள், மாந்தோப்புக் கூலிகள், அருந்ததியர், ஈழவர், இரவாளர், மலசர் எனப் பலர். இச்சொல் அவர்களையும் குறிக்கும் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. முதல் வகையினர் நூறாண்டுகளுக்கு முன்பே கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். இரண்டாம் வகையினர் பெரும்பாலும் இந்தத் தலைமுறையிலும் சென்ற தலைமுறையிலும்தான் வருகிறார்கள். இரண்டையும் ஒரே முழக்கோலால் அளந்துவிட்டு, பின்னவரிடம் 'சாதனை குறைவு' என்று முடிவு கட்டுவது கணக்கறியாமை.

முன்னாள் மாணவர் கணக்கு ஒரு கல்லூரியின் உயிரையே எடுத்த வரலாறு தமிழில் உண்டு. அதை இங்கு நினைவுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

1823 இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் தலைவர். ஆங்கிலமும் தமிழும் வடமொழியும் கணிதமும் வானியலும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. இன்று நாம் கலை அறிவியல் கல்லூரி என்று சொல்லும் வடிவத்திற்கு ஆசியாவிலேயே முந்தைய முயற்சிகளுள் அது ஒன்று. பூவருக்குப்பின் தலைமையேற்ற ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் ஆக்கியவர். 1841 இல் தொடங்கிய 'உதயதாரகை' இதழை நடத்தியவர்கள் அங்குப் படித்தவர்கள். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் அவ்வழி வந்தவரே. அமெரிக்கக் கொடையாளர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் அங்கு இருந்தது. ஆர்னல்ட், கரோல், நெவின்ஸ் முதலிய பெயர்கள் தமிழ்ப் பெயர்களுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது அவ்வாறுதான். கொடையாளர் பெயரைக் கட்டடத்துக்குச் சூட்டுவது பிற்காலத்து நாகரிகம். அந்நாளில் மாணவனுக்கே சூட்டிவிட்டார்கள்.

1855 இல் அக்கல்லூரி மூடப்பட்டது. போஸ்டனிலிருந்து வந்த மிஷன் சபைச் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையிலான தூதுக்குழு வரவை ஆராய்ந்தது. நிறுவியவர்கள் எதிர்பார்த்தது சுவிசேஷ ஊழியர்களை. படித்து வெளியேறியவர்களோ அரசாங்க உத்தியோகத்தையும் ஆசிரியப் பணியையும் நாடினார்கள். ஆங்கிலக் கல்வி அவர்களை ஊருக்குள் ஊழியஞ்செய்ய விடாமல் வெளியே இழுக்கிறது என்பது குற்றச்சாட்டு. நிறுவனரின் அளவுகோலின்படி முன்னாள் மாணவர்கள் தவறிவிட்டார்கள். ஆகவே கதவு சாத்தப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில், 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் வென்ற இருவரும் அந்த மூடப்பட்ட கல்லூரியில் பயின்றவர்கள்: கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை நீதித்துறையில் பணியாற்றினார், சைவத்துக்குத் திரும்பினார், மிஷனின் கணக்குப்படி முற்றிலும் நட்டம். அவரே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். சங்க இலக்கியம் என்று இன்று நாம் படிப்பதன் வாயிலில் நிற்பவர்களுள் ஒருவர். 1855 இன் தூதுக்குழுவிடம் 'புகழ்பெற்ற முன்னாள் மாணவர்' படிவம் ஒன்று இருந்திருந்தால் அதில் அவருக்கு இடம் கிடைத்திருக்காது. சிதைந்த ஏட்டுச் சுவடியைப் பார்த்து அழியாமல் காக்கவேண்டும் என்று எண்ணும் மனத்தை அளக்க எந்தப் படிவத்திலும் பத்தி கிடையாது.

வட்டுக்கோட்டைக்கும் எங்கள் ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அங்கே கேள்வி 'ஏன் வெளியே போனார்கள்?' என்பதாக இருந்தது. இங்கே 'ஏன் வெளியே போகவில்லை?' என்பதாக இருக்கிறது. இரண்டிலும், அளப்பவர் கையிலிருந்த கோல் வேறெங்கோ செய்யப்பட்டது.

கோவிந்தாபுரம் ஒரு செக்போஸ்ட்டின் பெயராகவே வெளியுலகுக்குத் தெரியும். கிழக்கே பொள்ளாச்சிச் சாலை, மேற்கே கொல்லங்கோடு. நாட்டிலேயே முந்திப் பழுக்கும் மாம்பழங்களுள் முதலமடை மாம்பழமும் ஒன்று என்று வணிகர்கள் சொல்வார்கள். அத்தோப்புகளைக் காவல் காப்பவர்களும் காய் பறிப்பவர்களும் எங்கள் பக்கத்து மக்கள். மீன்கரை அணை அருகிலிருக்கிறது; குடிநீர்ப் பஞ்சமும் அருகிலேயே இருக்கிறது. 2017 இல் இங்குள்ள அம்பேத்கர் காலனியின் சக்கிலியர் குடும்பங்கள் தீண்டாமை பற்றி எழுப்பிய முறையீடு கேரளம் முழுதும் செய்தியானது. முற்போக்கு மாநிலத்தில் இதுவா என்று திருவனந்தபுரம் வியந்தது. எங்களுக்கு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தொலைவிலுள்ள அரசுக் கல்லூரி சித்தூர். சோகநாசினி ஆற்றங்கரையில், 1947 இல் தொடங்கப்பட்டது. துயரத்தை அழிப்பவள் என்று ஆற்றுக்குப் பெயர். தேர்வு முடிவு வரும் நாள்களில் அப்பெயரைச் சொல்லி மாணவர்கள் சிரிப்பதுண்டு. எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் அதே ஆற்றங்கரையில்தான். மலையாளத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர் இளைப்பாறிய ஊரில் ஒரு தமிழ்த் துறை, அதில் முதுகலை, ஆய்வு வரை. அவ்வூரின் பெருந்திருவிழாவோ கொங்கன்படை: படையெடுத்து வந்த கொங்கு வேந்தனைப் பகவதி வென்றதைக் கொண்டாடும் விழா. கொங்குத் தமிழ் பேசும் மாணவர்கள் தம் மூதாதையர் தோற்றதாகச் சொல்லப்படும் விழாவுக்கு ஆண்டுதோறும் கூட்டமாகச் சென்று வெடியும் மேளமும் பார்த்துப் பொரி வாங்கித் தின்றுவிட்டு வருவார்கள். அயலாரோடு வாழ்வது பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்கிறோம். அந்தப் பொரிப் பொட்டலத்தை அங்கே யாரும் ஆய்ந்ததில்லை.

எல்லைப்புறக் கல்லூரி வாழ்க்கையின் தன்மை இதுதான்: எல்லாம் இரண்டாக இருக்கும். கேன்டீனில் கட்டஞ்சாயா மலையாளத்தில் கேட்கப்படும். கடன் தமிழில் சொல்லப்படும். யூனியன் தேர்தல் முழக்கங்கள் மலையாளம். வாக்குக் கேட்டு வரும்போது மட்டும் "தம்பி, மறந்துடாதே" என்று வேட்பாளர் வாயில் தமிழ் பிறக்கும். ஓணத்துக்குப் பூக்களமும் உண்டு, பொங்கலுக்குத் துறை வாசலில் பானையும் உண்டு. பேருந்துச் சலுகை அட்டை மட்டும் இரண்டாக இல்லை. எல்லையின் இந்தப் பக்கத்தில் செல்லும் அட்டை அந்தப் பக்கத்துப் பேருந்தில் செல்லாது. பரம்பிக்குளத்துப் பிள்ளைகளின் நிலை இன்னும் வேடிக்கை. அவர்கள் ஊர் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் சாலை வழியே தம் சொந்தப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வரவேண்டுமானால் சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, மறுபடி எல்லை கடந்து கேரளத்துக்குள் ஏறவேண்டும். சேர்க்கைப் படிவத்தில் 'கல்லூரிக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவு' என்ற இடத்தில் அவர்கள் என்ன எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும்.

இங்கிருந்து பட்டம் பெற்றவர் என்ன ஆகிறார்? கேரள பி.எஸ்.சி. நடத்தும் தேர்வுகளில் 'தமிழும் மலையாளமும் அறிந்த' எழுத்தர் என்றொரு பணி உண்டு. 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசு அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. சட்டம் இடமளிக்கும், ஆனால் மனுவைச் சட்டம் படிக்காது. மேசைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். முதியோர் உதவித்தொகைக்குத் தமிழில் எழுதிய ஒரு மூதாட்டியின் மனு குப்பைக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்பதை அந்த ஓர் ஆள்தான் முடிவு செய்கிறார். அரசமைப்பு உறுதியளித்த ஓர் உரிமை, பொறுப்பாளரின் பேனாவால் அடிக்கப்பட்ட அந்த எழுத்தரின் மேசையில்தான் நடைமுறைக்கு வருகிறது. தமிழ்த் துறை இல்லையேல் அவர் இல்லை. அவர் இல்லையேல் அச்சட்டம் வெறும் அச்சுத்தாள். இதைச் சாதனை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களும் இப்படித்தான். பாலக்காட்டின் கிழக்கிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ்வழி வகுப்புகள் உயிரோடிருப்பதற்கு, அங்கேயே பிறந்து அங்கேயே படித்துத் திரும்பி வந்தவர்கள் வேண்டும். 1956 இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது இந்நிலப்பகுதிகள் கேரளத்தில் நின்றன. அன்றுமுதல் இரண்டு மாநிலப் பாடநூல்களும் முழுதாகத் தமதல்லாத பிள்ளைகள் இங்கு வளர்கிறார்கள். அவர்களுக்கு ஆசிரியரை வெளியூரிலிருந்து தருவித்தால் பேச்சு புரியாது. உள்ளூரிலிருந்து எடுக்கவேண்டுமானால் உள்ளூரில் ஒரு கல்லூரி வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிதாக நான் கருதுவது வேறொன்று. அது துறை அலமாரிகளுக்குள் இருக்கிறது.

முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் இறுதிப் பருவத்தில் ஓர் ஆய்வேடு எழுதுகிறார். பெருநகரக் கல்லூரிகளில் அது பெரும்பாலும் நாவலாசிரியர் ஒருவரின் பெண்பாத்திரங்கள் என்றவாறு முடியும். எல்லைப்புறத்தில், நூலகம் சிறியது என்பதாலோ, கையில் காசு இல்லை என்பதாலோ, மாணவர் தம் ஊரையே எழுதுகிறார். பாட்டியின் ஒப்பாரி, கும்மிப் பாட்டு, மாந்தோப்புத் தொழிற்சொற்கள், 'களம்', 'பதி' என முடியும் ஊர்ப்பெயர்கள், இரவாளர் உறவுமுறைச் சொற்கள். முறையியல் அத்தியாயம் தடுமாறும், எழுத்துப்பிழையும் இருக்கும், 'முடிவுரை' முன்னுரையையே திருப்பிச் சொல்லும். ஆனால் பின்னிணைப்பில் நாற்பது பக்கங்களுக்குப் பாடல்கள் இருக்கும், பாடியவர் பெயரோடும் வயதோடும் ஊரோடும். பாடியவர்களுள் பலர் இப்போது இல்லை. அப்பாடல்கள் உலகில் அந்த ஸ்பைரல் பைண்டிங்குக்குள் மட்டுமே இருக்கின்றன.

விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' 1969 இல் நூலாக வந்தது. பாலக்காட்டுப் பேச்சும் அதில் ஊடாடும் தமிழும் இல்லாமல் அந்நாவல் இல்லை. அதனைத் தமிழாக்கியமைக்காக யூமா வாசுகி சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். ஆத்துப்பொள்ளாச்சியில் பிறந்த சிற்பி, இலலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் 'அக்னிசாட்சி'யைத் தமிழுக்குத் தந்து அதே பரிசைப் பெற்றவர். இத்தகைய மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சொல்வளம் தேவை: இந்தப் பக்கத்து வயலுக்கும் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் இருமொழியிலும் உள்ள பெயர்கள். அகராதிகளில் அவை இல்லை. எங்கள் துறைகளின் பழைய ஆய்வேடுகளில் அவை சிதறிக் கிடக்கின்றன. சாதனைப் பட்டியல் தயாரிக்கும்போது அலமாரியைத் திறந்து பார்க்காமல் வளைகுடாவுக்கு அலைபேசியில் அழைக்கிறோம்.

தாளை ஓரிடத்தில் மட்டும் வைத்திருப்பதன் ஆபத்தைச் சொல்லவேண்டியதில்லை. மூணாறு அரசுக் கல்லூரியில் தமிழ் இளங்கலை உண்டு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் தம் மொழியில் பட்டம் பெற மலையிலேயே கிடைத்த வாய்ப்பு அது. 2018 ஆகஸ்ட் மழையின் நிலச்சரிவில் அக்கல்லூரிக் கட்டடம் சிதைந்தது. வகுப்புகளை வேறிடங்களில் நடத்தவேண்டியதாயிற்று. நம் ஒவ்வொரு துறையின் அலமாரிக்கும் மேலே ஒரு கூரை இருக்கிறது; அக்கூரையைப் பற்றிப் பொதுப்பணித் துறைக்கு நாம் எழுதிய கடிதமும் அதே அலமாரியில்தான் இருக்கிறது.

இக்கருத்தை வாய்மொழியாகச் சொன்னபோது நண்பரொருவர் கடுமையாக மறுத்தார். அவரும் முதல் தலைமுறைப் பட்டதாரி. "எழுத்தர் வேலையையும் அங்கன்வாடி வேலையையும் சாதனை என்று புகழ்ந்து எங்களை அங்கேயே உட்கார வைக்கப் பார்க்கிறாயா? மேல்சாதிப் பிள்ளைக்கு மெட்ரோ, எங்கள் பிள்ளைக்கு மனு படிக்கும் வேலையா?" என்றார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. அம்பேத்கர் காலனியிலிருந்து ஒரு பிள்ளை ஐ.ஐ.டி.க்குப் போனால் முதலில் மகிழ்பவன் நானாக இருப்பேன். ஊரில் தங்கியதைத் தியாகமாகச் சித்திரிக்கும் கட்டுரைகளை நானும் வெறுக்கிறேன். பலர் தங்கியது விருப்பத்தால் அன்று, பேருந்துக் கட்டணத்தால். ஆயினும் ஒன்று: அந்தப் பிள்ளை ஐ.ஐ.டி. வரை போவதற்குமுன், அதன் தாய்க்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு எழுத ஒருவர் வேண்டும். அதை வாங்கிப் படிக்க ஒருவர் வேண்டும். ஐந்தாம் வகுப்பில் அது படிப்பை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். பட்டியலில் முதல் பெயர் அந்தப் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். மற்ற மூவரையும் அடிக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அவருடைய மறுப்பில் சொல்லப்படாத ஓர் உண்மையையும் சேர்த்துக்கொள்கிறேன். பாராட்டு ஊதியமாகாது. நெட் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் பெற்றுவிட்டு ஆண்டுதோறும் ஜூன் மாதம் கெஸ்ட் லெக்சரர் நேர்காணலுக்குக் கோப்போடு நிற்கும் தமிழ் முன்னாள் மாணவர்களையும் இக்கணக்கில் சேர்க்கவேண்டும். அவர்களை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது? 'உயர்கல்விக்கு முன்னேறியவர்' என்று எழுதினால் கல்லூரிக்கு மதிப்பெண் ஏறும். மறுநாள் அவர் எங்கே நின்றார் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

இது வெறும் மனக்குறையாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். கேரளத்தில் 2024-25 கல்வியாண்டு முதல் நான்காண்டு இளங்கலைத் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மொழிப் பாடங்களுக்கான மணிநேரம் குறையும் என்னும் அச்சம் மொழியாசிரியர்கள் அனைவரிடமும் உண்டு. மலையாளம், ஆங்கிலத் துறைகளுக்கு அது மணிநேரம் பற்றிய பிரச்சினை. சிறுபான்மை மொழித் துறைக்கு அது இருப்பு பற்றிய பிரச்சினை. ஏனெனில் மணிநேரத்தைக் கொண்டே பணியிடம் கணக்கிடப்படுகிறது. பணியிடம் போனால் பாடம் போகும். பாடம் போனால் அடுத்த ஆண்டு மாணவர் வரமாட்டார். மாணவர் வராததே துறையை மூடக் காரணமாகக் காட்டப்படும். அந்த நாளில் 'இத்துறை இத்தனை ஆண்டுகளாக என்ன செய்தது?' என்று ஒரு குழு கேட்கும். தொலைக்காட்சி நடிகர் ஒருவரையும் வணிகர் ஒருவரையும் காட்டிவிட்டு அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. எந்தெந்த வில்லேஜ் ஆபீசில், எந்தெந்தப் பள்ளியில், எந்தெந்த நீதிமன்றத் தாழ்வாரத்தில் நம் மாணவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் எழுந்துபோனால் எத்தனை பேரின் தமிழ் ஊமையாகும் என்று காட்டமுடிந்தால், குழு சிறிது யோசிக்கும். வட்டுக்கோட்டையில் அப்படிக் காட்ட எவரும் முன்வரவில்லை, அல்லது காட்டியது போஸ்டனுக்குப் புரியவில்லை.

ஆகவே கல்லூரி நிர்வாகங்களிடம் நான் எதையும் கோரப்போவதில்லை. அவர்களுக்குப் படிவம் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது. நாமே செய்யக்கூடியது உண்டு. முன்னாள் மாணவர் சங்கக் கூட்டங்களில் நாற்காலி வாங்கித் தருவதற்கும் குடிநீர் எந்திரம் வைப்பதற்கும் பணம் திரட்டுகிறோம். நல்லது, நாற்காலி வேண்டியதுதான். அதே கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் ஆய்வேட்டின் படியை எடுத்துவந்தால் ஒரே பிற்பகலில் முந்நூறு பக்கப் பாடல்களை ஸ்கேன் செய்துவிடலாம். சேர்க்கைப் பதிவேடு எந்த அரசுக் கல்லூரியிலும் உண்டு. எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு முதற்பெண் வந்தாள் என்று அதைக்கொண்டு ஓர் ஆய்வேடே எழுதலாம். தனிமனிதர் பெயரை மறைத்துவிட்டு ஊரையும் ஆண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்.

நான் கோவிந்தாபுரத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். ஒரு குயர் நோட்டில், எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவர்கள், அவர்கள் எழுதிய ஆய்வேட்டின் தலைப்பு, இப்போது செய்யும் வேலை. இதுவரை பார்த்தவர்களுள் பாதிப் பேருக்குத் தம் ஆய்வேட்டின் படி எங்கே என்று தெரியவில்லை. ஒருவர் வீட்டில் அது அரிசிப் பானையின் மூடியாக இருந்தது. அவர் மனைவி வெட்கப்பட்டு வேறு தட்டை எடுத்து மூடிவிட்டு, தூசி தட்டித் தந்தார். ஈரம் படாமல் நன்றாகவே இருந்தது.

சித்தூரிலோ மூணாற்றிலோ திருவனந்தபுரத்திலோ, கேரளத்தின் வேறெந்தக் கல்லூரியிலோ தமிழ் முதுகலை படித்தவர்கள் இப்பதிவைப் படிக்க நேர்ந்தால், ஆய்வேட்டின் தலைப்பு, ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் கீழே எழுதுங்கள். படி கையிலிருந்தால் பின்னிணைப்பைப் படமெடுத்து வையுங்கள். நன்றியுரைப் பக்கத்தை விட்டுவிடவேண்டாம். பாடிக்காட்டியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அங்குதான் இருக்கும்.